போலிச் சுமையும் ஏமாற்றும் எண்களும்: சர்வர் சோதனையில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

சிபியுவையும் மெமரியையும் வேண்டுமென்றே நிரப்பி, வைத்த வரம்பு பிடிக்கிறதா, எச்சரிக்கை வருகிறதா, கூடுதல் இயந்திரம் தானாக எழுகிறதா என்று பார்ப்பது மேலுக்கு எளிய வேலை. ஒரு வரிக் கட்டளைதான். ஆனால் அந்த வரி ஓடியபின் திரையில் வரும் எண்களை அப்படியே நம்பினால் மாட்டிக்கொள்வோம். "90 சதவீதம் ஏற்றினேன், ஒன்றும் ஆகவில்லை, நம் அமைப்பு உறுதியானது" என்று நானே ஒருமுறை அறிக்கை கொடுத்திருக்கிறேன். என் நிரல் மெமரியைக் கேட்டு வாங்கியதே தவிர, அதில் ஒரு பக்கத்தைக்கூட (மெமரியின் சிறு துண்டு) எழுதித் தொடவில்லை என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏற்றியதாக நினைக்கும் சுமை உண்மையில் ஏறியதா? ஏறியிருந்தால் யார் கணக்கில் ஏறியது? பெரும்பாலும் லினக்ஸை வைத்தே சொல்கிறேன். விண்டோஸுக்குக் கடைசியில் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறேன்.

கிணற்றில் இறங்குமுன் கயிறு

நேர வரம்பு இல்லாமல் எந்தச் சுமைக் கருவியையும் ஓட்டாதீர்கள். ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற சுமைக் கருவியில் டைம்அவுட் தெரிவு இருக்கிறது. மற்றவற்றை டைம்அவுட் என்ற தனிக் கட்டளையின் கீழ் ஓட்டலாம். ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு இரண்டாவது எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும்) இணைப்பு ஒன்றை முன்பே திறந்து வையுங்கள். மெமரி தீர்ந்தபின் புதிதாக உள்நுழைய முயன்றால் கடவுச்சொல் கேட்கும் வரிகூட வராமல் போகலாம்.

இதைவிட நல்லது, சுமையைத் தனி சிகுரூப்புக்குள் (ஒரு கூட்டம் ப்ராசஸ்களுக்கு, அதாவது ஓடும் நிரல்களுக்கு, வரம்பு வைக்கும் லினக்ஸ் வசதி) அடைப்பது. சிஸ்டம்டி-ரன் கட்டளைக்கு ஸ்கோப் தெரிவு கொடுத்து, மெமரிமேக்ஸ் 2 ஜிபி, மெமரிஸ்வாப்மேக்ஸ் 0 (ஸ்வாப் என்பது மெமரி போதாதபோது பக்கங்களை வட்டில் வைக்கும் இடம்), சிபியுகோட்டா 200% என்று பண்புகளை வைத்தால், கருவி எவ்வளவு துள்ளினாலும் 2 ஜிபியையும் இரண்டு கோர் (சிபியுவின் ஒரு கணக்கிடும் அலகு) அளவையும் தாண்டாது. முழு இயந்திரமும் திணறுவதைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இந்தக் கயிறு வேண்டாம். அப்போது அந்த இயந்திரத்தில் வேறு யாருடைய வேலையும் ஓடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

"8 ஜிபி ஒதுக்கினேன், காலி மெமரி குறையவே இல்லை"

அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். ஒரு நிரல் மெமரி கேட்டால் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) உடனே சரி என்று சொல்லிவிடும். கையில் எதையும் கொடுக்காது. முகவரிகளை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். நிரல் அந்த முகவரியில் முதல்முறை எழுதும்போதுதான் உண்மையான பக்கம் ஒன்று வந்து சேரும். எக்ஸ்86 இயந்திரங்களில் ஒரு பக்கம் 4096 பைட்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் விர்ட் (கேட்டு வாங்கியது), ரெஸ் (உண்மையில் ரேமில் இருப்பது) என்று இரண்டு நெடுவரிசைகள் இருக்கும். விர்ட் 8 ஜிபி, ரெஸ் சில எம்பி என்று இருந்தால், நீங்கள் ஏற்றியது வாக்குறுதியைத்தான், மெமரியை அல்ல.

எழுதத்தான் வேண்டுமா, படித்தால் போதாதா? போதாது. எழுதப்படாத பக்கத்தைப் படித்தால் கர்னல் எல்லா முகவரிக்கும் ஒரே பூஜ்யப் பக்கத்தைக் காட்டிவிடும். இரண்டு மில்லியன் பக்கங்களைப் படித்தாலும் செலவாவது அந்த ஒன்றே ஒன்றுதான். எனவே சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் 4096 பைட்டுக்கு ஒரு பைட்டாவது எழுதுங்கள். சிறு பக்கங்களுக்குப் பதில் பெரிய பக்கமாகக் கொடுக்கும் டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜ் வசதி முழுதாக இயக்கத்தில் இருந்தால் அந்த ஒரு பைட்டுக்கே 2 எம்பி வந்து இறங்கலாம். "கொஞ்சம்தான் தொட்டேன், ரெஸ் எகிறிவிட்டது" என்பதற்கு அதுதான் காரணம்.

எதை எழுதுகிறோம் என்பதும் கணக்கில் வரும். சர்வரில் ஸிராம் அல்லது ஸிஸ்வாப் (ஸ்வாப்புக்குப் போகும் பக்கங்களைச் சுருக்கி ரேமிலேயே வைக்கும் வசதிகள்) இருந்தால், வெளியே தள்ளப்படும் பக்கங்கள் சுருக்கப்படும். எல்லாப் பக்கத்திலும் ஒரே எழுத்தை நிரப்பியிருந்தால் அவை ஏறத்தாழ இடமே எடுக்காமல் சுருங்கிவிடும். 8 ஜிபி ஏற்றியும் அழுத்தமே தெரியாது. உண்மையான பயன்பாட்டின் தரவு அப்படிச் சுருங்காது. ரேண்டம் எண்களால் நிரப்புங்கள்.

கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. ஸ்ட்ரெஸ்-என்ஜியின் விஎம் (மெமரி) சோதனை வாங்கிய மெமரியை விட்டுவிட்டு மறுபடி வாங்கும். அதனால் வரைபடம் ரம்பப் பல் போல ஏறி இறங்கும். நிலையான சுமை வேண்டுமென்றால் விஎம்-கீப் தெரிவைச் சேருங்கள். பழைய ஸ்ட்ரெஸ் கருவியில் விஎம்-பைட்ஸ் என்று கொடுப்பது ஒவ்வொரு வொர்க்கருக்கும் (கருவி எழுப்பும் வேலையாள் ப்ராசஸ்) தனித்தனி அளவு; 4 வொர்க்கர், 2 ஜிபி என்றால் மொத்தம் 8 ஜிபி. ஸ்ட்ரெஸ்-என்ஜியில் பதிப்பைப் பொறுத்து அந்த அளவு வொர்க்கர்களுக்கிடையே பங்கிடப்படவும் செய்யும். மனக்கணக்கை நம்பாமல், ஓடவிட்டு ரெஸ் எண்களைக் கூட்டிப் பாருங்கள்.

சில சர்வர்களில் நேர் எதிரான அறிகுறி வரும்: காலி இடம் ஏராளமாக இருக்கும், ஆனால் மெமரி கேட்டதுமே மறுப்பு வரும். /ப்ராக்/சிஸ்/விஎம் கோப்புறையில் ஓவர்கமிட்_மெமரி என்ற கோப்பைப் பாருங்கள். அதில் 2 என்று இருந்தால் கர்னல் வாக்குறுதிகளையே எண்ணிக் கொடுக்கிறது என்று பொருள். உச்சவரம்பு, ஸ்வாப் அளவோடு ரேமில் 50 சதவீதம். அந்த 50 மாற்றக்கூடிய இயல்பு மதிப்பு. ஸ்வாப் இல்லாத 16 ஜிபி இயந்திரத்தில் எல்லா நிரலும் சேர்ந்து 8 ஜிபிக்கு மேல் வாக்குறுதி வாங்க முடியாது. /ப்ராக்/மெம்இன்ஃபோ கோப்பில் கமிட்லிமிட் (உச்சவரம்பு), கமிட்டெட்_ஏஎஸ் (கொடுத்த வாக்குறுதிகள்) என்ற இரண்டு வரிகளை ஒப்பிட்டால் விஷயம் விளங்கிவிடும்.

"காலி மெமரி பூஜ்யத்தை நெருங்கிவிட்டது, ஆனால் எதுவும் நடக்கவில்லை"

பெரிய கோப்பு ஒன்றைப் படித்தோ எழுதியோ மெமரியை "நிரப்பியிருப்பீர்கள்". அது பேஜ் கேஷ், கோப்புகளின் நகலை ரேமில் வைத்திருக்கும் இடம். யாராவது கேட்டால் கர்னல் அதை உடனே கொடுத்துவிடும். ஃப்ரீ கட்டளையில் பார்க்க வேண்டியது அவெய்லபிள் என்ற நெடுவரிசை; அதன் மூலமான மெம்அவெய்லபிள் மதிப்பு கர்னல் 3.14 முதல் இருக்கிறது. ஃப்ரீ என்ற நெடுவரிசையை வைத்து எச்சரிக்கை அமைத்திருந்தால் பிழை சோதனையில் இல்லை, எச்சரிக்கையில்தான் இருக்கிறது. நன்றாக ஓடும் எந்த லினக்ஸ் சர்வரிலும் அந்த எண் குறைவாகவே இருக்கும்.

"டாப் 100 என்கிறது, டாஷ்போர்டு 12 என்கிறது"

இரண்டும் சரி. டாப் ஒரு கோரை 100 என்று எண்ணுகிறது, டாஷ்போர்டு எல்லாக் கோரையும் சேர்த்து 100 என்று எண்ணுகிறது. எட்டில் ஒரு கோர் என்பது 12.5 சதவீதம். டாப்பில் பெரிய ஐ எழுத்தைத் தட்டினால் ப்ராசஸ் வரிகள் இரண்டாவது முறைக்கு மாறும். இடைவிடாமல் y என்று அச்சிடும் யெஸ் (yes) கட்டளையின் வெளியீட்டை, எதையும் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் தள்ளி சிபியு எரிக்கிறவர்கள் பலர். நல்ல குறுக்குவழிதான், ஆனால் ஒன்றை ஓட்டினால் ஒரு கோர்தான் நிரம்பும். கோர் எண்ணிக்கைக்கு ஏற்ப அத்தனை ஓட்டவேண்டும். பைத்தானில் த்ரெட் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழை) பெருக்கினாலும் வழக்கமான இன்டர்ப்ரெட்டரில் ஒரு கோரைத் தாண்டாது; தனித்தனி ப்ராசஸ்தான் வழி.

சி மொழியில் வெற்றுச் சுழல் எழுதி, ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்து, "ஓடியதுமே முடிந்துவிட்டது" என்று குழம்புகிறவர்களுக்கு: பயனற்ற சுழல் என்று கம்பைலரே அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. சுழலுக்குள் மாறும் மாறியை வோலடைல் என்று அறிவியுங்கள்.

இன்னொன்று. ஒரு கோரை இரண்டு சிபியுவாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங் உள்ள 4 கோர் இயந்திரம் 8 சிபியு என்று காட்டும். 4 வொர்க்கர் ஓட்டினால் 50 சதவீதம் என்று வரும். பாதித் திறன் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கர்னல் அவற்றைக் கோருக்கு ஒன்றாகப் பரப்பியிருந்தால் நான்கு உண்மையான கோரும் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன. மீதமுள்ள நான்கு த்ரெட் தருவது பாதிக்கும் வெகு குறைவு.

"கண்டெய்னருக்குள் எல்லாம் ஊர்கிறது, இயந்திரத்திலோ சிபியு சும்மா இருக்கிறது"

இதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம். உண்மையான சேவைகளைப் படுத்தும் கோளாறும் இதேதான். சோதனையில் பிடிபட்டால் அதிர்ஷ்டம்.

கண்டெய்னருக்கு (சிகுரூப் வரம்புகளோடு தனித்து அடைத்து ஓட்டும் நிரல் தொகுப்பு) 2 சிபியு வரம்பு வைத்தால் கர்னல் அதை நேரமாக மாற்றிக்கொள்ளும்: ஒவ்வொரு 100 மில்லிசெகண்டுக்கும் 200 மில்லிசெகண்ட் சிபியு நேரம். 100 என்பது இயல்பான கால அளவு. ஸ்ட்ரெஸ்-என்ஜியில் சிபியு தெரிவுக்கு 0 கொடுத்தால், இயந்திரத்தில் உள்ள சிபியு எத்தனையோ அத்தனை வொர்க்கர் எழும். வரம்பு 2 என்பது அதற்குத் தெரியாது; 32 சிபியு கொண்ட இயந்திரம் என்றால் 32 வொர்க்கர். சிபியு எண்ணிக்கை சொல்லும் என்ப்ராக் கட்டளையும் பழைய பதிப்புகளில் இப்படித்தான். எந்தெந்த சிபியுவில் ஓட அனுமதி என்று பார்க்குமே தவிர, நேர ஒதுக்கீட்டைப் பார்க்காது.

இப்போது கணக்குப் போடுங்கள். 32 வொர்க்கரும் ஒரே நேரத்தில் ஓடினால் 200 மில்லிசெகண்ட் ஒதுக்கீடு ஏறத்தாழ 6.25 மில்லிசெகண்டில் தீர்ந்துபோகும். மீதி 93.75 மில்லிசெகண்டும் கண்டெய்னரில் உள்ள எல்லாமே நிறுத்தி வைக்கப்படும். பாவம், அதே கண்டெய்னரில் இருக்கும் வெப் சர்வரும்தான். நடுவில் வரும் கோரிக்கை அடுத்த சுற்று வரை காத்திருக்கும். இயந்திரத்தின் டாஷ்போர்டோ 32இல் 2, அதாவது 6 சதவீதம் என்று அமைதியாகக் காட்டும்.

பார்க்க வேண்டிய இடம் அந்த சிகுரூப்பின் சிபியு.ஸ்டாட் கோப்பு. என்ஆர்_பீரியட்ஸ் (சுற்றுகள்), என்ஆர்_த்ராட்டில்ட் (நிறுத்தப்பட்ட சுற்றுகள்), த்ராட்டில்ட்_யூசெக் (நிறுத்தப்பட்ட நேரம்) என்று மூன்று வரிகள் இருக்கும். சோதனைக்கு முன்னும் பின்னும் எடுத்து வித்தியாசம் பாருங்கள். த்ராட்டில்ட் எண் பீரியட்ஸ் எண்ணுக்குச் சமமாக ஏறினால், ஒவ்வொரு சுற்றிலும் வரம்பு கழுத்தைப் பிடிக்கிறது.

வரம்பைச் சோதிப்பதுதான் நோக்கம் என்றால் இது வெற்றி. சாதாரணச் சுமையில் சேவை எப்படி நடக்கிறது என்று பார்ப்பது நோக்கம் என்றால் வொர்க்கர் எண்ணிக்கையை 2 என்று நீங்களே கொடுங்கள். சிபியு-லோடு தெரிவில் 50 என்று கொடுப்பதும் சீரான பாதிச் சுமை ஆகிவிடாது. வேலை, தூக்கம், வேலை, தூக்கம் என்று மாறி மாறித்தான் அந்த 50 கிடைக்கிறது. சராசரி வரம்புக்குள் இருந்தும் த்ராட்டில் எண் ஏறுவதற்கு இதுவும் காரணமாகலாம்.

"சிபியு 100 சதவீதம், ஆனால் பயனர் யாருக்கும் வேகம் குறையவில்லை"

கருவி மிகக் குறைந்த முன்னுரிமையான நைஸ் 19இல் ஓடுகிறதா என்று பாருங்கள். கர்னல் கணக்கில் நைஸ் 0க்கு எடை 1024, நைஸ் 19க்கு 15. இரண்டும் ஒரே சிபியுவுக்குப் போட்டியிட்டால் உங்கள் சேவைக்கு 98 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும். எச்சரிக்கை அடிக்கும், ஆனால் நெருக்கடி இருக்காது. எச்சரிக்கையை மட்டும் சோதிக்க இது நல்ல உத்தி. உண்மைப் போட்டியைச் சோதிக்க இது உதவாது. நைஸ் ஒரே சிகுரூப்புக்குள் மட்டும்தான் எடுபடும் என்பதும் நினைவிருக்கட்டும். சேவை ஒரு சிகுரூப்பிலும் கருவி இன்னொன்றிலும் இருந்தால், பங்கைத் தீர்மானிப்பது சிபியு.வெயிட் மதிப்பு. இயல்பாக இரண்டுக்கும் 100, அதாவது சரிபாதி.

"லோடு ஆவரேஜ் 40, சிபியு 5 சதவீதம்"

லினக்ஸில் லோடு ஆவரேஜ் சிபியுவுக்கு வரிசையில் நிற்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை. வட்டுக்காக இடையூறு செய்ய முடியாத தூக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்தே எண்ணும். பிஎஸ் கட்டளையில் நிலை டி என்று இருக்கும் ப்ராசஸ்களை எண்ணிப் பாருங்கள். ஸ்ட்ரெஸ் கருவியின் ஐஓ, எச்டிடி (வட்டுச் சுமை) வொர்க்கர்கள் ஓடுகின்றன, அல்லது மெமரிச் சோதனை ஸ்வாப்பில் விழுந்து வட்டை இழுத்தடிக்கிறது. கண்டெய்னருக்குள் இருந்து பார்த்தால் பெரும்பாலும் முழு இயந்திரத்தின் எண்தான் தெரியும். அதை வைத்து உங்கள் கண்டெய்னரைப் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

எதிர்ப்பக்கம்: 8 வொர்க்கரை ஒரு நிமிடம் ஓட்டினேன், லோடு 8 வரவில்லை. வராது. அது பழைய மதிப்புகள் மெல்லத் தேய்ந்துபோகும் சராசரி. ஒரு நிமிட எண்கூட 60 விநாடியில் 63 சதவீதம்தான் எட்டும், அதாவது 5 சொச்சம். 5 நிமிட எண் அந்நேரம் ஒன்றரைகூட இருக்காது.

"சோதனைக் கருவி பிழைத்தது, டேட்டாபேஸ் செத்தது"

மெமரி முற்றிலும் தீர்ந்தால் கர்னலின் ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர் ஒரு ப்ராசஸைத் தேர்ந்து கொல்லும். குற்றவாளி யார் என்று அது ஆராயாது. எந்த ஒற்றை ப்ராசஸைக் கொன்றால் அதிக மெமரி மீளும் என்று பார்க்கும். 1 ஜிபி வீதம் 16 வொர்க்கர் ஓட்டினீர்கள், டேட்டாபேஸ் ஒற்றை ப்ராசஸாக 8 ஜிபி வைத்திருக்கிறது என்றால் பலியாவது டேட்டாபேஸ். மொத்தத்தில் உங்கள் கருவி இரு மடங்கு பிடித்திருந்தாலும் அந்தக் கூட்டுத்தொகை அதன் கணக்கில் இல்லை. (இது கருவியின் கோளாறு அல்ல. நிஜத்தில் நூறு சின்ன வொர்க்கர்கள் பெருகும்போதும் இதேதான் நடக்கும். தெரிந்துகொண்டது நல்லதுக்கு.)

யாரை முன்னே நிறுத்துவது என்பதை ஓஓஎம்_ஸ்கோர்_அட்ஜ் என்ற கோப்பு வழியாக மாற்றலாம். மைனஸ் 1000 முதல் 1000 வரை மதிப்பு கொடுக்கலாம். மைனஸ் 1000 என்றால் அந்த ப்ராசஸைத் தொடவே தொடாது. கவனிக்க வேண்டியது, ஸ்ட்ரெஸ்-என்ஜி இந்த மதிப்பைத் தன் வொர்க்கர்களுக்குத் தானே மாற்றிக்கொள்ளும். அதனால் அதை வைத்துச் செய்த சோதனையில் டேட்டாபேஸ் பிழைத்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். நிஜச் சுமை அப்படித் தன்னை முன்னே நிறுத்திக்கொள்ளாது. நோ-ஓஓஎம்-அட்ஜஸ்ட் என்ற தெரிவைக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். அப்புறம், கொல்லப்பட்ட வொர்க்கரை ஸ்ட்ரெஸ்-என்ஜி மீண்டும் எழுப்பும். "கொன்றும் மெமரி ஏறிக்கொண்டே இருக்கிறது" என்ற குழப்பம் இதனால்தான். ஓஓஎம்ஏபிள் தெரிவு கொடுத்தால் செத்தது செத்ததாகவே இருக்கும்.

யார் கணக்கில் செத்தது என்று டிமெஸ்ஜி (dmesg) என்ற கர்னல் பதிவில் பாருங்கள். கொன்ற வரி வெறும் அவுட் ஆஃப் மெமரி என்று தொடங்கினால் முழு இயந்திரமும் தீர்ந்தது. மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி என்று தொடங்கினால் ஒரு சிகுரூப்பின் வரம்பு மட்டும் தீர்ந்தது. வரம்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. கண்டெய்னர் 137 என்ற குறியீட்டோடு முடிந்திருந்தால் அது 128உடன் 9, அதாவது சிக்னல் 9ஆல் கொல்லப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. ஓஓஎம்தான் காரணம் என்று அந்த எண் மட்டும் நிரூபிக்காது, மெமரி.ஈவென்ட்ஸ் கோப்பில் ஓஓஎம்_கில் எண் ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

ஜாவா சேவை என்றால் கர்னல் வரை விஷயம் போகாமலே முடிந்துவிடலாம். ஹீப் (ஜாவா பொருள்கள் இருக்கும் மெமரி) அளவைச் சொல்லாமல் விட்டால் ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) வழக்கமாகக் கண்டெய்னர் மெமரியில் நாலில் ஒரு பங்கைத்தான் ஹீப்புக்கு எடுத்துக்கொள்ளும். உள்ளே அவுட்ஆஃப்மெமரிஎரர் வந்திருக்கும், வெளியே கண்டெய்னர் பாதிகூட நிரம்பியிருக்காது.

"300 எம்பி வரம்பு வைத்தேன், 600 வரை போகிறது"

கண்டெய்னர் ஓட்டும் டாக்கரில் மெமரி தெரிவை மட்டும் கொடுத்து மெமரி-ஸ்வாப் தெரிவை விட்டால், இயந்திரத்தில் ஸ்வாப் இருக்கும் பட்சத்தில் அதே அளவு ஸ்வாப்பும் அனுமதி. 300 ரேமில், 300 ஸ்வாப்பில். இரண்டு தெரிவுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்தால் ஸ்வாப் அடைபடும்.

கொல்லவும் இல்லை, ஏறவும் இல்லை, கருவி மட்டும் நத்தையாகிவிட்டது என்றால் மெமரி.ஹை வைத்திருக்கிறீர்கள். அது கொல்லும் வரம்பு அல்ல. தாண்டுகிறவரை மெதுவாக்கி, பக்கங்களைத் திரும்பப் பிடுங்கும் வரம்பு. கொல்வது மெமரி.மேக்ஸ்.

"சுமை ஏறியது உண்மை, எச்சரிக்கை வரவில்லை, பாட் எண்ணிக்கை கூடவில்லை"

முதலில் நேரம். 30 விநாடி சுமை ஏற்றி, 5 நிமிடச் சராசரியைப் பார்க்கும் விதியிடம் பதில் எதிர்பார்த்தால் கிடைக்காது. 100 சதவீதச் சுமை அந்தச் சராசரியில் 10 சதவீதமாகத்தான் தெரியும். விதியில் "இத்தனை நிமிடம் தொடர்ந்தால்" என்ற நிபந்தனையும் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். என் பழக்கம்: சேகரிக்கும் இடைவெளி, சராசரிக் காலம், தொடர்ச்சி நிபந்தனை மூன்றையும் கூட்டி, அதன் இரு மடங்கு நேரம் ஓட்டுவது.

கண்டெய்னர்களைப் பல இயந்திரங்களில் நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில், பாட் (சேர்ந்து ஓடும் கண்டெய்னர்களின் அலகு) எண்ணிக்கையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் எச்பிஏ பார்க்கும் சதவீதம் லிமிட்டை (உச்சவரம்பு) வைத்து அல்ல, ரிக்வெஸ்ட்டை (முன்பதிவு செய்த அளவு) வைத்து. ரிக்வெஸ்ட் எழுதாத கண்டெய்னர் இருந்தால் சிபியு சதவீதக் கணக்கே நடக்காது. அடுத்தது, அது எல்லாப் பாடுகளின் சராசரியைப் பார்க்கிறது. நான்கு பாட் ஓடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் ரிக்வெஸ்ட் 200 மில்லிகோர் (ஒரு கோரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிகோர்), இலக்கு 50 சதவீதம் என்று வையுங்கள். இலக்குச் சராசரி 100 மில்லிகோர். நீங்கள் ஒரு பாடுக்குள் மட்டும் நுழைந்து சுமை ஏற்றுகிறீர்கள். மற்ற மூன்றும் சும்மா இருக்க, இந்தப் பாடின் லிமிட்டும் 200தான் என்றால் அது உச்சிக்குப் போனாலும் நான்கின் சராசரி 50 மில்லிகோர். எச்பிஏ கூட்டாது, குறைக்கலாமா என்றுதான் யோசிக்கும். லிமிட் 500 என்றால் சராசரி 125, இலக்கோடு விகிதம் 1.25, ஐந்தாவது பாட் எழும். சுமையை எல்லாப் பாடிலும் ஏற்றுங்கள், அல்லது வாசல் வழியாகவே கோரிக்கைகளை அனுப்புங்கள்.

விகிதம் 1இலிருந்து 0.1க்குள் இருந்தால் அது அசையாது என்பதும், சுமை நின்றபின் பாட்களைக் குறைக்க இயல்பாக 5 நிமிடம் பொறுக்கும் என்பதும் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

"சோதனை முடிந்தது, மெமரி திரும்பி வரவில்லை"

மெமரியிலேயே கோப்புகளை வைக்கும் /டெவ்/எஸ்எச்எம் கோப்புறையைத் திறந்து பாருங்கள். அங்கே பெரிய கோப்பு எழுதி மெமரி நிரப்புவது பழைய உத்தி, ஆனால் அந்தக் கோப்பு ப்ராசஸோடு சாகாது. அழித்தால்தான் இடம் வரும். ஃப்ரீ கட்டளையில் ஷேர்ட் நெடுவரிசை உயர்ந்திருப்பது இதன் அடையாளம். பேஜ் கேஷோடு சேர்த்துக் காட்டப்பட்டாலும் கர்னலால் இதைக் கைவிட முடியாது. ஸ்வாப் இருந்தால் அங்கே தள்ளலாம், அவ்வளவுதான்.

ஸ்வாப் நிரம்பியே இருக்கிறதா? வெளியே போன பக்கங்களை யாரும் கேட்கும்வரை கர்னல் திரும்ப இழுக்காது. அது கசிவு அல்ல. அடுத்த சோதனை சுத்தமாகத் தொடங்க வேண்டுமென்றால், ரேமில் இடம் போதும் என்று உறுதி செய்துகொண்டு ஸ்வாப்ஆஃப், பிறகு ஸ்வாப்ஆன்.

"சர்வர் உறைந்துவிட்டது, ஓஓஎம் கில்லரும் வரவில்லை"

ஸ்வாப்பே இல்லாவிட்டாலும் இது நடக்கும். மெமரி கடைசிச் சொட்டுக்கு வரும்போது கர்னல் கோப்புப் பக்கங்களைக் கைவிடும்; ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் சொந்தக் குறியீடும் கோப்புப் பக்கம்தான். கைவிட்டதை அடுத்த நொடியே வட்டிலிருந்து மீண்டும் படிக்க வேண்டும். கர்னலைப் பொறுத்தவரை மெமரி கொஞ்சம் கொஞ்சமாக மீண்டுகொண்டிருக்கிறது, ஆகவே யாரையும் கொல்லத் தேவையில்லை. வெளியே நிற்கும் நமக்கு எல்லாம் நின்றுபோனது.

உடனடி மருந்து: கன்சோல் கிடைத்தால் மேஜிக் சிஸ்ஆர்க்யூ (கர்னலுக்கு நேரடியாக ஆணையிடும்) விசையோடு எஃப். அது ஓஓஎம் கில்லரைக் கையால் அழைப்பது. இந்த வசதியை லினக்ஸ் விநியோகங்கள் அடைத்து வைத்திருக்கலாம், அதனால் சோதனைக்கு முன்பே திறந்திருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

இது வருவதை முன்கூட்டியே காட்டுவது /ப்ராக்/ப்ரெஷர்/மெமரி கோப்பு, கர்னல் 4.20இல் வந்த வசதி. சம் வரி, சில வேலைகளாவது மெமரிக்காகக் காத்திருந்த நேர சதவீதம். ஃபுல் வரி, எல்லா வேலையும் ஒரே நேரத்தில் நின்ற சதவீதம். கடைசி 10, 60, 300 விநாடிச் சராசரிகள் அதில் இருக்கும். எவ்வளவு மெமரி போனது என்பதைவிட, அது போனதால் யார் காத்திருந்தார் என்பதைச் சொல்வதால், வரம்புகளை எடைபோட எனக்கு இதுதான் முதல் எண். சிஸ்டம்டி-ஓஓஎம்டியும் இதே எண்ணைப் பார்த்துத்தான், உறைவதற்கு முன்பே சிகுரூப்பைக் கொல்கிறது.

"அதே கட்டளை, ஒவ்வொரு முறையும் வேறு விடை"

விர்ச்சுவல் இயந்திரம் என்றால் டாப்பின் எஸ்டி (பறிபோன நேரம்) எண்ணைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் நிலையாக இருந்தால் ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் இயந்திரங்களுக்குச் சிபியுவைப் பங்கிடும் மென்பொருள்) உங்கள் நேரத்தை வேறு யாருக்கோ கொடுக்கிறது. கிரெடிட் முறையில் சிபியு தரும் கிளவுட் வகை என்றால் முதல் ஓட்டம் வேகமாகவும், கிரெடிட் தீர்ந்தபின் ஓட்டம் படுமெதுவாகவும் இருக்கும். நிஜ இயந்திரத்தில் டர்போ வேகமும் சூடும் விளையாடும். எல்லாக் கோரும் எரியும்போது மணித்துடிப்பு இறங்கும், சதவீதம் மட்டும் 100இலேயே நிற்கும். ஸ்ட்ரெஸ்-என்ஜி கடைசியில் தரும் போகோ ஆப்ஸ் (முடித்த வேலைச் சுற்றுகள்) எண்ணை இரண்டு இயந்திரங்களை ஒப்பிடப் பயன்படுத்தாதீர்கள். அளவுகோலாக இருக்க அது உருவாக்கப்படவில்லை.

விண்டோஸ் சர்வரில்

மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் சிபியுஸ்ட்ரெஸ், டெஸ்ட்லிமிட் என்று இரண்டு சிறு கருவிகள் உண்டு. மேலே சொன்ன வாக்குறுதிக்கும் தொடுதலுக்கும் உள்ள வித்தியாசம் டெஸ்ட்லிமிட்டில் இரண்டு தெரிவாகவே இருக்கிறது: எம் என்றால் மெமரியைக் கேட்டு வைத்துக்கொள்ளும், டி என்றால் கேட்டதைத் தொடவும் செய்யும். லினக்ஸ் போலக் கொல்லும் ஓஓஎம் கில்லர் இங்கே இல்லை. ரேமும் பேஜ்ஃபைலும் (விண்டோஸின் ஸ்வாப்) சேர்ந்த கமிட் வரம்பை எட்டினால் புதிய ஒதுக்கீடுகள் மறுக்கப்படும், அவ்வளவுதான். யார் சாவது என்பது, மறுப்பைக் கையாளத் தெரியாத நிரல் எது என்பதைப் பொறுத்தது. டாஸ்க் மேனேஜரின் சிபியு சதவீதமும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரின் ப்ராசஸர் டைமும் ஒத்துப்போகவில்லை என்றால் பதற வேண்டாம். விண்டோஸ் 8இலிருந்து பல பதிப்புகளில் டாஸ்க் மேனேஜர் மணித்துடிப்பு வேகத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.